முனகும் ஆம்ப்பும் ஆணியில் ஒரு டோக்கனும்

அத்தியாயம் 9

"நாலு மணிக்கு ஜீப் கிளம்பும், எலைன் மேடம். அதுக்குள்ள ஏதாவது காட்டுனீங்கன்னா பாக்கறேன். இல்லேன்னா இந்தம்மாவக் கூட்டிகினு போறதத் தவிர எனக்கு வேற வழி கிடையாது."

சப்-இன்ஸ்பெக்டர் ரவிகுமார் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று.

கோரமண்டல் கிறிஸ்தவ சபையின் ஹாலில் அப்போது ஐந்து பேர் இருந்தார்கள். ரவிகுமார் கூட்டிப்போகவிருந்த 'இந்தம்மா' ரெபேக்கா. முப்பத்தெட்டு வயது. ஆண்டர்சன்பேட்டையில் ஆம்ப்ளிஃபயர், மிக்சர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். பக்கத்து நாற்காலியில் அவள் அப்பா ஏனோக். ஊரின் தங்கச் சுரங்கத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு இந்த ஹாலின் விளக்கும் ஃபேனும் அவர் பொறுப்பு. இடது கையில் இரண்டு விரல் கிடையாது. சனிக்கிழமை எலைனின் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, "எம் பொண்ணக் காப்பாத்துங்கம்மா" என்று அந்தக் கையையும் சேர்த்துக் கும்பிட்டவர் அவர்தான்.

எலைன், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பதினெட்டு வருடம் பொய்த் தீவிபத்துகளை மோப்பம் பிடித்துவிட்டு, இப்போது ராபர்ட்சன்பேட்டையில் சொந்தமாகத் துப்பறிகிறவள். அவளுடைய உதவியாளன் உதய், பெங்களூரில் மூன்று வேலைகளை வாயாலேயே இழந்தவன்.

ஆறாவது ஆள் தரையில் வெறும் சாக்பீஸ் கோடாக இருந்தான். நோயல், இருபத்தொன்பது வயது, சபை இசைக்குழுவின் கிட்டார்காரன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூர் ரயிலிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்திருக்கிறான். அவனுடைய ஆபீஸ் அடையாள அட்டை இன்னும் மைக் ஸ்டாண்டில் தொங்கியது. சாப்பாட்டு டப்பா பைக்குள் கழுவாமல் கிடந்து, திங்கட்கிழமை மத்தியானம் ஹால் முழுவதும் தன் இருப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"மேடம்" என்றாள் ரெபேக்கா. "ஜெயிலுக்குப் போறதுல எனக்குப் பயமில்ல. என் கைதான் அவனக் கொன்னுதா இல்லியான்னு மட்டும் சொல்லிடுங்க. மூணு நாளா யோசிக்கறேன். ஞாபகத்துக்கு வரல."

எலைன் தன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"முதல்லேருந்து சொல்லுங்க. சுருக்கமா. உதய், நீ குறுக்க பேசாத."

"நான் மூச்சு விடலாமா மேடம்?"

"மூக்கு வழியா."

ரெபேக்கா மேடையில் இருந்த ஆம்ப்பைக் காட்டினாள். வெள்ளைக்காரர்கள் தங்கள் கிளப்பை விட்டுப் போனபோது சபைக்கு வந்து சேர்ந்த பழைய டியூப் ஆம்ப். நெல் மூட்டை கனம். பின்பக்கம் திறந்திருந்தது. உள்ளே வரிசையாகக் கண்ணாடி வால்வுகள். அடித்தட்டில் ஒரு கறுப்பு ரெக்சின் பை.

"பைக்குள்ள இருக்கறது ரிவெர்ப் பெட்டி. உள்ள ஸ்பிரிங் இருக்கும். அதுதான் பெரிய கோயிலுக்குள்ள வாசிக்கறாப்பல எதிரொலி குடுக்கும். மூணு வாரம் முன்னாடி நோயல் மெசேஜ் போட்டான். ரிவெர்ப் குமிழத் திருகினா 'ங்ங்ங்'னு முனகுதுன்னு. அந்த வாரம் எங்க வூட்டுல தரையப் பேத்து டைல்ஸ் போட்டுகினு இருந்தோம். என்னால வர முடியல. வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வந்தேன்."

"வந்து?"

"பாத்தா பெட்டி தலைகீழா, இடமும் வலமும் மாறி இருந்துது. அதுல ஒரு முனை ரொம்ப நுணுக்கமா காது கேக்கறது. அது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல வந்துட்டா அங்க இருக்கற மின்சார இரைச்சலையும் சேத்து வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிடும். பையத் திருப்பி வெச்சேன். முனகல் போச்சு. நோயலுக்கு வாட்ஸ்ஆப்ல வாசிச்சு அனுப்பினேன்."

"கேட்டேன்" என்றார் ரவிகுமார். "ஆறு பத்துக்கு அனுப்பிருக்காங்க. அவன் அப்ப ரயில்ல வந்துகினு இருந்தான். அதுக்கு அப்புறம் நடந்ததச் சொல்லும்மா."

ரெபேக்கா தன் கைகளைப் பார்த்தாள். "மூடறதுக்கு முன்னாடி ஆம்ப் பாடில டெஸ்டர் வெச்சுப் பாத்தேன். எரிஞ்சுது. பழைய ரெண்டு பின் பிளக்கு. எர்த் கிடையாது. ஒரு கையால கிட்டார் கம்பியும் இன்னொரு கையால மைக்கும் புடிச்சா ஆளு காலி. மூணு பின் ஒயர் கடைல இருந்துது. காலைல கொண்டாந்து மாத்திக்கலாம்னு பிளக்கப் புடுங்கி, அது மேல டோக்கன மாட்டிட்டு..."

அங்கே நின்றுவிட்டாள்.

"மாட்டினது ஞாபகம் கீது. அத்த திரும்ப எடுத்தனா இல்லியான்னுதான் தெரியல."

மெயின் சுவிட்ச் பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஓர் ஆணி. ஆணியில் ஒரு பித்தளை டோக்கன். நம்பர் 417.

இந்த ஊரில் அதற்கு விளக்கம் தேவைப்படாது. இருந்தாலும் ரவிகுமார் கேஸ் டைரிக்குச் சொல்வதுபோல் சொன்னார். சுரங்கத்தில் மோட்டாரில் கை வைக்கிற எலக்ட்ரீஷியன் தன் டோக்கனை சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடுவான். அது தொங்கும்வரை கொம்பனே வந்தாலும் சுவிட்சைப் போடக்கூடாது. வேலை முடிந்ததும் அந்த நம்பர்காரனே கழற்றிப் பலகையில் மாட்டுவான். 417, ஏனோக்கின் நம்பர். ரிப்பேர் வேலையில் மகள் அதையே வைத்துக்கொண்டாள். இசைக்குழுவில் இருக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும்.

"அப்பாவோட ரெண்டு விரலும் எவனோ டோக்கனக் கழட்டி சுவிட்ச் போட்டதுலதான் போச்சு" என்றாள் ரெபேக்கா. "அதனால எங்க வூட்டுல டோக்கன்னா விளையாட்டு கிடையாது. நோயல் உள்ள வந்ததும் பலகையத்தான் பாத்திருப்பான். டோக்கன் ஆணில தொங்கிகினு இருந்தா வேல முடிஞ்சுதுன்னு அர்த்தம். பிளக்கச் சொருகிட்டான்."

"ஸோ, சிம்பிள்" என்றார் ரவிகுமார். "இவங்க கிளம்பற அவசரத்துல கைப்பழக்கத்துல மாட்டிட்டாங்க. வேணும்னு பண்ணாங்கன்னு நான் சொல்லல. கவனக்குறைவு. ஆனா ஒரு உயிர் போயிடுச்சு."

ஏனோக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எலைன் எழுந்து மேடைக்குப் போனாள். "இப்போ போட்டா உதய் பொழச்சுப்பானா?"

"காலைல எஸ்.ஐ. சார் முன்னாடியே புது ஒயர் மாத்திட்டேன். எர்த் இருக்குது. ஒண்ணும் ஆகாது."

"போடு உதய்."

"சொந்தத்துல எனக்கு ஒரே ஒரு உசுருதான் மேடம். அதுவும் லோன்ல ஓடிகினு இருக்குது" என்று முனகிக்கொண்டே உதய் சுவிட்சைப் போட்டான்.

வால்வுகள் மெதுவாகச் சிவந்தன. ஸ்பீக்கரில் லேசான மூச்சு. எலைன் ரிவெர்ப் குமிழை இரண்டுக்குத் திருகினாள். நான்குக்குத் திருகினாள்.

ங்ங்ங்ங்ங்.

பல்லில் போய் உட்காரும் முனகல். ஜன்னல் கம்பி வரைக்கும் அதிர்ந்தது. ரெபேக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"இது எப்படி? நான்தான் சரி பண்ணேனே!"

"சரி பண்ணீங்க. வாட்ஸ்ஆப் சாட்சி" என்றாள் எலைன். பெட்டியிலிருந்து ஒரு ஒயரை உருவினாள். முனகல் பட்டென்று நின்றது. திரும்பச் சொருகினாள். முனகல் வந்தது. "கோளாறு பெட்டிகிட்டதான் இருக்குது. ரெபேக்கா, பையோட வாய் எந்தப் பக்கம் இருக்கணும்?"

"பின்னாடிலேருந்து பாத்தா இடது பக்கம்."

"இப்ப வலது பக்கம் இருக்குது."

எலைன் பையை இழுத்துத் திருப்பி வைத்தாள். குமிழை நான்கிலேயே விட்டிருந்தாள். ஹாலில் சத்தமே இல்லை. உதய் கிட்டாரின் ஒரு கம்பியைச் சுண்டினான். அந்தச் சுரம் மேற்கூரை வரை போய் நிதானமாகக் கரைந்தது.

ரவிகுமாரின் பேனா நின்றிருந்தது. "அப்படீன்னா..."

"ஆறு பத்துக்கு அப்புறம் வேற ஒருத்தர் இந்தப் பைய வெளிய எடுத்திருக்கார். திரும்ப வெச்சப்போ தலைகீழா வெச்சிருக்கார். நோயலா இருக்க முடியாது. உள்ள வந்த ரெண்டு நிமிஷத்துல செத்துப் போயிட்டான், ஷூகூட கழட்டல. ரெபேக்கா சரி பண்ணத அவங்களே கெடுக்கமாட்டாங்க. அப்போ ரெபேக்கா கிளம்பினதுக்கும் நோயல் வந்ததுக்கும் நடுவுல இங்க ஒரு ஆள் இருந்திருக்கார். டோக்கன எடுத்து ஆணில மாட்டினதும் அந்தக் கைதான்."

"ஆஷ்லி!" என்றான் உதய். "பாஸ் கிட்டார். போன மாசம் நோயலோட சட்டையப் புடிச்சவன். நான் காலைலேருந்து சொல்லிகினே இருக்கேன்."

"காலைலேருந்து நாஸ்தாவைப் பத்தியும்தான் சொன்ன. ஹால் சாவி யார்கிட்ட?"

"எங்கிட்ட ஒண்ணு, அப்பாகிட்ட ஒண்ணு, பாஸ்டர்கிட்ட ஒண்ணு" என்றாள் ரெபேக்கா. "பாஸ்டர் வியாழக்கிழமையே வேலூர் போயிட்டார். வெள்ளிக்கிழமை நோயலுக்குத் தொறந்திருக்கணும்னு நான் பூட்டாமத்தான் போனேன்."

"சக்கத், ரொம்ப நல்லாருக்கு! பூட்டாத ஹால். ஊரே சந்தேக லிஸ்ட்ல வந்துடுச்சு" என்றான் உதய்.

"வராது" என்றாள் எலைன். "முனகல் மொத மொத வந்தது மூணு வாரம் முன்னாடி. அப்பவும் பை இதே மாதிரிதான் தலைகீழா இருந்துது. ரெண்டு தடவையும் ஒரே தப்பு. ஒரே ஆள். பையோட வாய் அவருக்கு வலது பக்கம்தான் வேணும். ஏன்னு யோசி."

உதய் ஆம்ப்பின் பின்னால் மண்டியிட்டான். வாய் இடப்பக்கம் இருக்கும்போது வலது கையை விட்டுப் பார்த்தான். ஸ்பீக்கரின் காந்தம் முழங்கையை மறித்தது. இடது கையை விட்டான். சுலபமாகப் போனது.

"இடது கையாலதான் உள்ள துழாவ முடியுது மேடம். வாயத் திருப்பிட்டா வலது கைக்கு வசதி." கையை எடுத்தவன், பாதி எழுந்தபடி நின்றான். "ஆனா துழாவறதுக்கு உள்ள இன்னா கீது?"

"இப்ப ஒண்ணும் இல்ல. வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்திருக்கும்."

மணி மூன்று முப்பத்தைந்து. எலைன் பையை முழுசாக வெளியே இழுத்து மேடை விளிம்பில் வைத்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், எனக்கு இனிமே குனிய முடியாது. இவன் கைய விட்டா ஸ்பிரிங்க அறுத்துடுவான். நீங்க கொஞ்சம் உள்ள வெச்சுடறீங்களா?"

ஏனோக் எழுந்து வந்தார். மகளின் முகத்தை ஒருமுறை பார்த்தார். குறைந்த விரல்களை ஓரமாக ஒதுக்கி, பையை மார்போடு அணைத்து, வலது கையால் பழகிய வேகத்தில் உள்ளே தள்ளினார். ஒயர்களைச் சொருகினார். அவர் கை தயங்கவே இல்லை.

ங்ங்ங்ங்ங்.

பையின் வாய் வலப்பக்கம் இருந்தது.

உதய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சொல்லவில்லை. அவனை வேலைக்கு வைத்துக்கொண்ட நாளிலிருந்து எலைன் இதைப் பார்த்ததில்லை. அவள் எட்டி ஆம்ப்பை அணைத்தாள். முனகல் வால்வுகளோடு சேர்ந்து தணிந்தது.

"அங்கிள்" என்றாள். இந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை. அவர் சனிக்கிழமை கும்பிட்ட கும்பிடு கண்ணிலேயே நின்றது. "வூட்டுத் தரையப் பேக்கறதுக்கு முன்னாடி, அதுக்கு அடில இன்னா இருந்துது?"

ஏனோக் சட்டைப் பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். கண்ணாடி அவர் மூக்கில் இருந்தது. கூட்டைத் திறந்து ஆம்ப்பின் மேல் கவிழ்த்தார். புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி உருண்டு நின்றது. அழுக்கு மஞ்சள். இந்த ஊர் மண்ணுக்கு அடியில் இத்தனை பேர் செத்தது இந்த நிறத்துக்காகத்தான். அந்தக் கட்டி தெருவில் கிடந்தால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

"மூடின வருஷம்" என்றார். "தங்கக் கல்லு அரைக்கற மில்லுல ஒயரிங் கழட்டச் சொன்னாங்கோ. ஒரு குழாய் மூட்டுல ஒட்டிகினு இருந்துது. எடுத்து வெச்சுட்டேன். விக்கவும் தைரியம் வரல, வீசவும் மனசு வரல. ரெபி டைல்ஸ் போடறேன்னு நின்னா. இந்தப் பொட்டிய யாரும் தொறக்கறதில்லன்னு இங்க வெச்சேன். அது முனகும்னு எனக்கு இன்னாம்மா தெரியும்?"

"வெள்ளிக்கிழமை?"

"ரெபி வூட்டுக்கு வந்து, ஆம்பத் தொறந்து வெச்சுட்டு வந்திருக்கேன்னா. பயந்து போய் ஓடியாந்தேன். ஏழு மணி இருக்கும். பிளக்கு ஒயர் குறுக்க கெடந்துது. அதுல எம் நம்பரு. கழட்டி கைல வெச்சுகினேன். கட்டிய எடுத்துகினேன். பொட்டிய வெச்சேன். வேல முடிஞ்சுது." அவர் தன் வலது கையைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். "வேல முடிஞ்சா நம்பர ஆணில மாட்டணும். எத்தினி வருஷப் பழக்கம். கை மாட்டிடுச்சும்மா. வூட்டுக்குப் போய் சோறு துன்னேன்."

"அய்யோ... ஏனு மாடிபிட்ரி" என்றார் ரவிகுமார், என்ன செய்துவிட்டீர்கள் என்பதைத் தன்னையறியாமல் கன்னடத்தில்.

"மறுநா காலைல நோயல்னு சொன்னாங்க. அப்பவே தெரிஞ்சு போச்சு."

ரெபேக்கா அசையாமல் நின்றாள். கொலை தன் கையில் இல்லை என்று தெரிந்த நிம்மதி ஒரு கணம் முகத்தில் வந்தது. அடுத்த கணமே அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்ததும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அப்பாவைப் பார்த்தாள்.

"மூணு நாளா உங்க எதுருல உக்காந்துகினு என் கையவே பாத்துகினு இருந்தேன்பா. தூங்கல. நான் மாட்டினனா, நான் மாட்டினனான்னு உங்களத்தான கேட்டேன்? 'மறதில மாட்டிருப்ப கண்ணு, வுடு'ன்னு சொன்னீங்களே."

"மேடம் வந்து மெஷின் பழசு, யார் மேலயும் தப்பு இல்லன்னு எழுதிடுவாங்கன்னு நெனச்சேன் ரெபி. நீயும் தப்பிச்சுடுவ, நானும்..."

"நோயலு?"

ஏனோக் தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்தார்.

எலைன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்று சாம்பல் நிறத் தூசியை எடுத்துக்கொண்டு வந்தது. கேஸ் ஜெயித்த நாளில் அவள் வழக்கமாக உதய்க்குப் பிரியாணி வாங்கிக் கொடுப்பாள். இன்றைக்கு அவன் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தன்னை நம்பி வந்தவரைத் தானே பிடித்துக் கொடுத்ததில் அவளுக்கு வெட்கமாக இருந்தது. செய்யாமல் விட்டிருந்தால் அதைவிட வெட்கமாக இருந்திருக்கும்.

ரவிகுமார் தங்கக் கட்டியை ஒரு கவரில் போட்டார். "நாலாச்சு. வாங்க சார், போலாம்."

ஏனோக் செருப்பை மாட்டிக்கொண்டார். மெயின் சுவிட்சைத் தாண்டும்போது அவருடைய வலது கை தானாக உயர்ந்து, ஆணியில் இருந்த டோக்கனை எடுத்துவிட்டது. எடுத்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று உணர்ந்து, அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முழித்தார்.

ரெபேக்கா அவர் முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க."

கொடுத்தார். அவள் மேடையேறினாள். சுவரிலிருந்து ஆம்ப்பின் பிளக்கைப் பிடுங்கினாள். டோக்கனின் கம்பி வளையத்தைப் பின்களில் நுழைத்து இறுக்கி முறுக்கினாள்.

"அது சாட்சிப் பொருள்மா. ஆம்பும் ஸ்டேஷனுக்கு வரணும்" என்றார் ரவிகுமார்.

"எடுத்துகினு போங்க சார். டோக்கனக் கழட்டாம எடுத்துகினு போங்க."

பிறகு அப்பாவைப் பார்த்தாள். அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் ஏனோக்குக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"வேல இன்னும் முடியலப்பா. இது உங்க நம்பரு. நீங்க திரும்பி வந்துதான் இத்த கழட்டணும்."